எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் காணாமல் போவது ஏன்: ஒரு பி450 போர்டில் செய்து பார்த்தது

ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 சாக்கெட், பி450 சிப்செட் (பிராசஸரோடு மற்ற பாகங்களை இணைக்கும் சில்லு) உள்ள டெஸ்க்டாப். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஏற்கெனவே இரண்டு ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது. அதோடு ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான இணைப்பில் ஓடுவது), ஒரு எம்.2 சாட்டா எஸ்எஸ்டி சேர்க்க வேண்டும். இரண்டுமே போர்டில் நேராகச் செருகும் எம்.2 வடிவம்தான். போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட் இருப்பதால் இடப்பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்லாட்டுக்குப் பின்னால் எந்த லேன் (தரவு செல்லும் பாதை) வருகிறது என்பதை வெளியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அது மேனுவலில் மட்டும்தான் இருக்கும்.

இந்தப் போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள முதல் ஸ்லாட்டுக்கு, பிராசஸரிலிருந்தே பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 லேன் நான்கு வருகிறது. இரண்டாவது ஸ்லாட் சிப்செட் வழியாக வருவது, சாட்டா மட்டும். வேண்டுமென்றே என்விஎம்இயை இரண்டாவதில் செருகிப் பார்த்தால் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) பெயரே வராது. எஸ்எஸ்டி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகும் பலருக்கு நடப்பது இதுதான். வேறு சில பி450 போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 லேன் நான்கு உண்டு. அங்கே என்விஎம்இ வேலை செய்யும், ஆனால் 3,500 எம்பி வேக எஸ்எஸ்டியும் நொடிக்கு 1,700 எம்பி பக்கம் நின்றுவிடும்.

எஸ்எஸ்டியின் தங்க முனையில் ஒரு வெட்டு மட்டும், வெட்டைத் தாண்டிய சிறிய பக்கத்தில் ஐந்து பின் இருந்தால் அது எம்-கீ என்ற வடிவம், அநேகமாக என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரண்டு லேன் மட்டும் பயன்படுத்தும் என்விஎம்இகளும் இதே வடிவில் வந்திருக்கின்றன என்பதால், லேபிளைப் படித்து உறுதி செய்வதே நல்லது.

எம்.2 சாட்டா எஸ்எஸ்டியை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டதும், மூன்றாம் சாட்டா போர்ட்டில் இருந்த ஹார்ட் டிஸ்க் மறைந்தது. இரண்டுக்கும் சிப்செட்டிலிருந்து வருவது ஒரே சாட்டா இணைப்பு. ஸ்லாட்டில் ஆள் வந்ததும் போர்ட் அணைந்துவிடுகிறது. கேபிளை நான்காம் போர்ட்டுக்கு மாற்றியதும் டிஸ்க் திரும்பி வந்தது. எந்தப் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். மேனுவலில் அந்த ஒரு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பொருத்தும்போது எஸ்எஸ்டியைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, தங்க முனை கிட்டத்தட்ட முழுதும் மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அடியில் தாங்கும் சின்னப் பித்தளைக் கட்டை 80 என்று குறித்த துளையில்தான் இருக்க வேண்டும். கட்டை இல்லாமல் நேராகப் போர்டில் முடுக்கினால் எஸ்எஸ்டி வளையும். ஹீட்சிங்க் அடியில் உள்ள தெர்மல் பேடின் (வெப்பத்தைக் கடத்தும் மெத்தை) பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக் கூடாது.

பவர் கேபிளில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளைக்கு அதோடு வந்த கேபிளையே போட வேண்டும். வேறு மாடலின் கேபிள் அதே துளையில் நுழைந்தாலும் பின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும்.

பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் டிரைவ் எழுத்து வராவிட்டால் பதற வேண்டாம். புது எஸ்எஸ்டியை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி (பார்டிஷன் பட்டியலின் ஒரு வகை) என்று இனிஷியலைஸ் செய்து, பார்டிஷன் போட்டால்தான் எழுத்து வரும். பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோடு வரியைப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் இப்போது கிடைக்கும் லேன், வலப்பக்கம் எஸ்எஸ்டி தாங்கும் லேன். இங்கே இரண்டிலும் 3.0 எக்ஸ்4, அதாவது நான்கு லேன், வந்தது. பிராசஸராக அத்லான் 200ஜிஇ போட்டிருந்தால் இடப்பக்கம் எக்ஸ்2 என்றுதான் காட்டும்.

இடம் மாற்றிய ஹார்ட் டிஸ்க்கில் சிஆர்சி பிழை (கேபிள் வழியே போகும் தரவில் நேரும் பிழை) எண்ணிக்கை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7, ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் குறையில்லை, டேட்டா கேபிள்தான். கிளிப் வைத்த புதுக் கேபிள் போட்டாயிற்று. பழைய எண்ணிக்கை குறையாது, இனி ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.