கொடைக்கானல் ஈரத்தில் பாயிண்ட் ஷூ தயாராகிறது

அக்கா மகள் டிசம்பர் நிகழ்ச்சியில் பாலே ஆடுகிறாள். ஆட்டம் அவளுடையது, ஷூவின் தையல் வேலை என்னுடையது. நுனிக்காலில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூவை வாங்கியதும் மாட்டிக்கொண்டு மேடையேற முடியாது. நாடாவைக்கூட நாமேதான் தைக்க வேண்டும்.

குதிகால் பகுதியை உள்பக்கமாக முன்னால் மடித்தால், மடிப்பு விழும் இடத்தில் நாடா வரும். பல் இடுக்குக்குப் போடும் ஃப்ளாஸ் நூலால் தைத்தேன், லேசில் அறாது. விளிம்புக்குள் ஓடும் சுருக்குக் கயிற்றில் மட்டும் ஊசி ஏறக் கூடாது, அப்புறம் இழுத்துக் கட்ட முடியாது.

நுனியில் சாட்டின் வழுக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தைச் சுற்றிக் கெட்டி நூலால் நெருக்கித் தைத்தேன். விரல் வலிக்கும் வேலை, ஆனால் எனக்குப் பிடித்ததும் இதுதான். 1832-இல் பாரிசில் நுனிக்காலில் ஆடிப் பேர் வாங்கிய மரி தாலியோனிக்குக் கெட்டி நுனியே கிடையாது. சாட்டின் செருப்பில் இப்படி நூல் ஓட்டித்தான் ஆடினார்.

அடித்தோலைக் கத்தியால் கீறியாயிற்று. மேடையில் சத்தம் குறைய, நுனியை வாசல் கருங்கல் படியில் தட்டினோம். “சித்தி, பக்கத்து வீட்டுல மிளகாய் இடிக்கிறோம்னு நினைக்கப் போறாங்க” என்றாள்.

இங்கே பெரிய தலைவலி ஈரம். விரல்களைச் சுற்றியுள்ள கெட்டிப் பகுதி சாக்குத்துணி, காகிதம், பசை என்று அடுக்கடுக்காக ஒட்டியது. வியர்வைக்கே இளகும், ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அதனால் தச்சர்கள் மரத்துக்குப் பூசும் அரக்குப் பாலிஷை உள்ளே கொஞ்சம் விட வேண்டியிருந்தது. ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துவிடும் என்று தெரிந்த தச்சர் எச்சரித்தார். மழை ஓய்ந்த ஒரு மதியமாகப் பார்த்து அதை உள்ளே ஊற்றினேன். ஸ்பிரிட் வாடை முழுக்கப் போனதும், பூஞ்சைக்குப் பயந்து எப்போதும் குண்டு பல்பு எரியும் துணி அலமாரியில் தொங்கவிட்டேன். மறுநாள் மாலையும் விரலில் பிசுபிசுத்தது. அதற்கும் மறுநாள்தான் இறுகியது.

1993-இல் வந்த கெய்னர் மிண்டன் கம்பெனி ஷூவில் உள்ளே பிளாஸ்டிக் வகை. ஈரம் ஒன்றும் செய்யாது. டீச்சர் பசை ஷூதான் வேண்டும் என்கிறார். சரி.

மேடையில் வழுக்காமலிருக்க ரோசின், அதாவது பைன் பிசின். ஊரைச் சுற்றிப் பைன் மரம் நிற்க, நானோ வயலின் வில்லுக்குத் தேய்க்கும் கட்டியை மதுரையிலிருந்து வரவழைத்து இடித்து வைத்திருக்கிறேன். மாற்று ஜோடிக்கு இன்னும் நாடா தைக்கவில்லை. சனிக்கிழமை ஒத்திகைக்குள் முடிக்க வேண்டும்.