தோடு இல்லாத நாட்கள்

ஜூலை 15, காலை
நேற்று ஃபேஸ்லிஃப்ட், தொங்கிய முகத்தைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷன். ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் பி.பி. பார்த்தார்கள். தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை கட்டு. இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒவ்வொரு குழாய், அதன் நுனியில் குமிழ், குமிழில் கொஞ்சம் ரத்தம். முதல் ஒரு நாள்தான் முக்கியம் என்றார் டாக்டர். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டினால் திரும்பத் திறக்க வேண்டியிருக்குமாம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ வலித்தாலோ உடனே கூப்பிடச் சொன்னார். அதிலிருந்து இடது பக்கத்தையே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

தோடு இரண்டும் காகித உறையில் இருக்கிறது. அக்காவின் கைப்பையில்.

ஜூலை 16
குழாய் எடுத்தாச்சு. உருவும்போது வலியில்லை, காதுக்குள் ஏதோ ஊர்ந்து போன மாதிரி இருந்தது. சேலம் அஸ்தம்பட்டிக்கு, அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமாவின் சாய்வு நாற்காலியில் மூன்று தலையணை. படுத்துத் தூங்கக் கூடாது, குனியக் கூடாது, பக்கவாட்டில் திரும்பக் கூடாது.

ஜூலை 17
ஆடி ஒண்ணு. தெருவெல்லாம் பிள்ளைகள் தேங்காய் சுடுகிறார்கள். அழிஞ்சிக் குச்சியில் செருகிய தேங்காய், உள்ளே வெல்லம், எள்ளு, பாசிப்பயறு, அவல். ஓடு கருகுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எனக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. உப்பும் குறைவு, உப்பு சேர்த்தால் வீக்கம் இறங்காது என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள்.

இன்றைக்குத்தான் கண்ணாடி பார்த்தேன். மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். படித்தது வேறு, பார்த்தது வேறு. கண் இடுங்கி, கன்னம் மினுமினுத்து, கழுத்து கன்னங்கரேலென்று. இது யார்?

ஊரின் இன்னொரு பக்கம், குகை என்கிற பேட்டையிலிருந்து அம்மா போனில் பேசினாள். வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "காய்ச்சலா கண்ணு?" என்றாள். ஆமாம் என்றேன். என் குரல் அவளுக்குத் தெரிந்தது. அது போதும்.

ஜூலை 18
இடது பக்கம்தான் அதிகம். அக்கா இல்லை என்கிறாள்.

ஜூலை 20
காலையிலிருந்து அழுகை. வலிக்காக இல்லை. வலி பாராசிட்டமாலில் அடங்கிவிடுகிறது, அதை இறுக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஈரத் துணியை முறுக்கிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டது மாதிரி.

அக்கா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், ஏன் செய்தாய் என்று. நான் கஷ்டப்பட்ட அந்த மூன்று வருஷம் முகத்தில் அப்படியே தங்கிவிட்டது, போகிற இடத்திலெல்லாம் எனக்கு முன்னால் அதுதான் போய் நிற்கிறது என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.

ஆனால் அம்மாவை நான் நினைத்துப் பார்க்கவே இல்லையே. மறதியில் அவளுக்கு நல்ல நாளிலேயே என் பேர் வருவதில்லை, முகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தைப் போய் மாற்றிவிட்டேனா? டாக்டருக்குப் போன் செய்தேன். முதல் ஒன்றிரண்டு வாரம் மனம் இப்படித்தான் அமுங்கும், வீக்கம் இறங்க இறங்கச் சரியாகும் என்றார். அம்மாவைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்?

ஜூலை 21
காதுக்கு முன்னால் போட்ட தையல் பிரித்தார்கள். கத்தரி நுனி தோலில் பட்டதே தெரியவில்லை. காது மடலுக்குப் போகும் நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறதாம். மரத்துப்போனது திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். தொட்டுப் பார்த்தேன். விரலுக்குக் காது தெரிகிறது, காதுக்கு விரல் தெரியவில்லை.

சின்ன வயதில் அம்மா என் கன்னத்தைத்தான் கிள்ளுவாள்.

ஜூலை 24
முடிக்குள் போட்டிருந்த பின்களும் எடுத்தாச்சு. தலைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். ஹேர் டிரையர் கூடவே கூடாது, சுட்டால்கூடத் தெரியாது. டை அடிக்க ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

ஜூலை 25
மாமாவின் தோட்ட வீடு. ஏற்காட்டுக்கு வர டாக்டர் சரி சொன்னார், வெயிலும் மேடேறி நடப்பதும் மட்டும் கூடாது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் மாமா வண்டியை நிறுத்தாத குறையாக ஓட்டினார். பாதி மலையில் காது அடைத்தது. எச்சில் விழுங்கினால் உள்ளே மட்டும் திறக்கிறது, வெளிக் காது யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 28
ரத்தக்கன்றல் கழுத்துக்கு இறங்கி, இப்போது நெஞ்செலும்பு வரை மஞ்சள். ஊதா, பச்சை, மஞ்சள், இந்த வரிசையில்தான் இறங்குகிறது. மலையில் பனிமூட்டம். சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. எனக்கு அது சௌகரியம்.

பார்க்கிறவர்கள் தோலை இழுத்துத் தைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தோலுக்கு அடியில் இருக்கும் தசைப் படலத்தைத்தான் தூக்கி நிறுத்துகிறார்கள், தோலை அதன் மேல் சும்மா படிய விடுகிறார்கள். தோலில் இழுவை இருந்தால் தழும்பு அகலமாகிவிடும். அப்படியென்றால் சிரிப்பு எங்கே போனது? சிரித்தால் இடது ஓரம் தாமதமாக வருகிறது. வீக்கம்தான் என்று அக்கா சொல்கிறாள், டாக்டரும் சொல்கிறார். நம்புகிறேன். ராத்திரி நம்ப முடிவதில்லை.

வகிட்டில் நரை இறங்கிவிட்டது. முகம் ஒரு வயதிலும் தலை ஒரு வயதிலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 1
அரிப்பு. காதுக்குப் பின்னால். சொறியக் கூடாது, சொறிந்தாலும் தெரியாது.

ஆகஸ்ட் 3
இன்று முதல் தடவையாக இட்லியை மென்று தின்றேன். அக்கா தட்டுவடை செட் வாங்கி வந்திருந்தாள், மறந்துபோய். பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தேன், பீட்ரூட்டும் கேரட்டும் பச்சைச் சட்னியும்.

இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. கண்ணாடியில் தெரிகிறவளை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு மாறலாம்.

ஆகஸ்ட் 5
குகையில் மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு வருவாயா என்று அம்மா கேட்டாளாம். வருஷா வருஷம் வாசல் திண்ணையில் அவளோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன். சாமி வேஷம் போட்டவர்கள் வண்டியில் அசையாமல் நிற்பார்கள். முகத்தில் அத்தனை பூச்சு இருந்தும் இது இன்னார் மகன், இது இன்னார் பேரன் என்று அம்மா சரியாகச் சொல்வாள். அது நாலு வருஷத்துக்கு முன்னால்.

ஆகஸ்ட் 8
போனேன். மஞ்சள் மிச்சமிருந்த கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். கூட்டத்தில் இடிபடக் கூடாதென்று அக்கா எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பெயர் சொல்லவில்லை. போன மாதமும்தான் சொல்லவில்லை.

பிறகு கையை நீட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அக்கா சொல்லித்தான் பார்க்கிறேன், என் இடது காது மடலை விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"தோடு எங்க கண்ணு? மூளிக் காதோட வந்திருக்கே."

அம்மா பிடித்த காதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன். தோடு எப்போது போடலாம் என்று திங்கட்கிழமை கேட்க வேண்டும்.