குரங்கையும் தட்டானையும் ஒப்பிடச் சொன்னால்

விலங்கியல் தேர்வில் நாட்டுக்குரங்கையும் தட்டானையும் ஒப்பிடச் சொன்னால், பலர் உடனே நடுவில் கோடு போட்டு, முதுகெலும்பு உண்டு, இல்லை என்று அடுக்குகிறார்கள். கடலூரில் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. உயிர்வாழ இரண்டுமே செய்தாக வேண்டிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எது எப்படிச் செய்கிறது, ஏன் அப்படி என்று எழுதுங்கள்.

மூச்சை எடுத்துக்கொள்வோம். குரங்கின் நுரையீரலில் ஏறும் ஆக்சிஜனை ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சுமந்து போகிறது. தட்டானில் மூச்சுக்குழல்களே காற்றை நேராகத் திசுக்களுக்குக் கொண்டுபோகின்றன. அதனால்தான் ரத்தம் குழாய்களுக்குள் அடங்காமல் உடலறைக்குள் பாயும் திறந்த சுற்றோட்டத்தை வைத்துக்கொண்டே அதனால் அத்தனை வேகமாகப் பறக்க முடிகிறது. இந்த 'அதனால்தான்' விடையில் கட்டாயம் இருக்கட்டும்.

கண்ணுக்கு இரண்டு வரி போதும்: குரங்கின் கண்ணுக்கு ஒற்றை லென்ஸ், தட்டானுக்கு ஆயிரக்கணக்கான சிறுகண்கள் சேர்ந்த கூட்டுக்கண்.

இனப்பெருக்கத்தில்தான் எழுத நிறைய இருக்கிறது. நாட்டுக்குரங்கு ஏறக்குறைய ஐந்தரை மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டி போடும். குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே கூட்டத்தின் நடைமுறையைப் பார்த்துப் பழகும். பாண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற தட்டானோ மழை தேங்கிய குட்டையில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தண்ணீர் வற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டும் என்பதால், வெப்பமான குட்டையில் அதன் இளவுயிரி (முட்டையிலிருந்து வந்து நீரில் வளரும் இளம் பருவம்) ஒன்றரை, இரண்டு மாதத்தில் இறக்கை முளைத்து வெளியேறும். ஐப்பசி மழைக்கு அப்புறம் கெடிலம் ஆற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள். தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தப் பகுதி மறக்காது. கூட்டுப்புழுப் பருவம் அதற்குக் கிடையாது; வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அவசியம் கேட்பார்கள்.

சரி, பரவலையும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தட்டான் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகிறது. நம் கோயில் மதிலில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்கான மக்காக்கா ரேடியேட்டா தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்) பட்டியலில் அது அழிவாய்ப்பு இனம். தினமும் பார்க்கிறோம் என்பதாலேயே இதை எழுத விட்டுவிடுகிறோம், அது எனக்கு வருத்தம்.

படத்துக்கு நேரம் குறைவென்றால் இளவுயிரியின் நீளும் கீழுதட்டை வரையுங்கள். இரை பிடிக்கும் உறுப்பு அது. பக்கத்திலேயே குரங்கின் கன்னப்பையையும் வரைந்தால் உணவு பற்றிய ஒப்பீடும் சேர்ந்துவிடும்.