அமராவதிக் கரையில் துசு

பூ நோம்பிக்கு வருடா வருடம் அம்மிச்சி ஊருக்குப் போவேன். இந்த முறை கூட ஒருத்தி வந்தாள். ஜார்க்கண்டில், சுபர்ணரேகா ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண். திருப்பூரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் டெய்லர். நாலு வருடப் பழக்கம். ஊருக்குப் போகவே ரயிலில் இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும், பொங்கல் லீவு பத்தாது. ரூமில் தனியாக எதற்கு, என்னோடு வா என்று கூட்டிக்கொண்டேன்.

பல்லடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள், கீழே தரிசு முழுக்க ஆவாரம்பூ மஞ்சள். உடுமலையில் பஸ் மாறி, மடத்துக்குளம் பக்கம் ஊரில் இறங்கும்போது மணி பதினொன்று. வீட்டு இறவாரத்தில் போகியன்று செருகிய காப்பு வாடித் தொங்கியது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. "இது எதுக்கு அக்கா?" என்றாள். தை பிறப்பதற்கு முன் வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் காட்டுக்கும் கட்டும் காவல் இது என்றேன். அதற்குத்தான் காப்புக்கட்டு என்று பெயர்.

அப்புறம் அம்மிச்சி முறத்தை எடுத்து வந்தார். மார்கழி முதல் நாள் தொடங்கித் தினமும் விடியற்காலையில் வாசல் கோலத்தின் நடுவே, பூசணிப்பூ செருகி வைத்த சாணிப் பிள்ளையார்கள். ஒவ்வொரு நாளும் எடுத்துக் காயவைத்துச் சேர்த்தது. தை மூன்றாம் நாளான இன்று, ஊர்ப் பெண் பிள்ளைகள் அதையும் பூக்கூடையையும் சுமந்துபோய் ஆற்றில் விடுவார்கள். இதுதான் பூ நோம்பி.

அவள் முறத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்க ஊரில் துசு அக்கா" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குச் சிலிர்த்தது. அறுவடை முடிந்ததும் அகன் மாதக் (நம் கார்த்திகை) கடைசி நாளில் ஒரு மண்சட்டியில் உமி நிரப்பி, மேலே சாணி உருண்டை, அருகம்புல், பூ வைப்பார்களாம். அதுதான் துசு. துஷ் என்றால் உமி. பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். பௌஷ மாதம் முழுக்க, கல்யாணம் ஆகாத பெண்கள் சாயங்காலம் கூடி துசுவுக்குப் பாடுவார்கள். சங்கராந்தி அன்று மூங்கிலும் கலர் பேப்பரும் வைத்துக் கட்டிய சௌடல் என்னும் தேரில் ஏற்றி, பாடிக்கொண்டே போய் ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

சாணி, பூ, ஒரு மாதம், பெண் பிள்ளைகள், பாட்டு, ஆறு. பிள்ளையார் ஒன்றுதான் வேறு. வயலுக்கு உரமாகும் சாணியே இரண்டு இடத்திலும் தெய்வமாகியிருக்கிறது. மாதமும் வேறில்லை. சூரியன் தனுசு ராசியில் இருக்கிற நாட்களை நாம் மார்கழி என்கிறோம், அவர்கள் பௌஷம் என்கிறார்கள். அது முடிவதை ஒட்டித்தான் அசாமில் மேஜி என்னும் மூங்கில், வைக்கோல் குவியலைக் கொளுத்துவதும், பஞ்சாபில் லோரி நெருப்பும், நம் போகியும்.

சங்கராந்தி அன்று சூரியன் வடக்கே திரும்புகிறது என்பார்கள். உண்மையில் அது திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் மகர சங்கராந்தி சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் அதிலிருந்து தள்ளிப் போய்விட்டது. ஸ்வீடனில் டிசம்பர் 13 அன்று பெண் பிள்ளைகள் தலையில் மெழுகுவர்த்தி ஏற்றி நடக்கும் லூசியா விழாவும் இப்படித்தான். ஐரோப்பாவில் முன்பு இருந்த ஜூலியன் காலண்டரில் ஒரு காலத்தில் வருடத்தின் மிக நீண்ட இரவு அந்தத் தேதியை ஒட்டி வந்தது. வானம் நகர்ந்த பிறகும் அந்தந்த ஊர் தன் நாளை விடவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

"பேசினது போதும், வெயிலாகுது. அந்தப் புள்ளைக்கும் ஒரு கூடை குடு கண்ணு" என்றார் அம்மிச்சி. தூக்குப்போசியில் கச்சாயமும் முறுக்கும் வைத்தார். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட கச்சாயத்தை ஒரு கடி கடித்துவிட்டு, "குட் பிட்டா!" என்று கத்தினாள். துசுவுக்கு அவர்கள் வீட்டில் சுடும் பலகாரமும் அதே அரிசியும் வெல்லமும்தானாம்.

அமராவதியில் முழங்கால் அளவு தண்ணீர். மணலில் பூக்கூடைகளை நடுவே வைத்துப் பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். அவளும் சேர்ந்தாள். கைத்தட்டு இரண்டு முறை தவறியது, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டாள். கும்மி ஓய்ந்ததும் பிள்ளைகள் அவளைப் பாடச் சொன்னார்கள். கூச்சப்பட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவள் ஊர்த் துசுப்பாட்டு ஒன்றைப் பாடினாள். ஒரு வார்த்தையும் புரியாமல் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கே கும்மி போட்டார்கள்.

பிள்ளையார்களை ஒவ்வொன்றாக விட்டோம். சாணி கரைந்து, பூ மட்டும் மிதந்து போனது. அவள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்னிடம் திரும்பி, "ஆத்துப் பேர் என்ன அக்கா?" என்றாள்.

"அமராவதி."

அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.