கணக்கில் காணாமல் போன 180 கிலோ துணி

2016இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மென்பொருள் எழுதினோம். ஒரு ஸ்டைலுக்குக் காலர் உண்டு, இன்னொன்றுக்குப் பிரிண்ட், குழந்தை உடுப்புக்கு வேறு அளவு வரிசை. ஒரே அட்டவணைக்குள் இவற்றை அடைப்பது கடினம் என்று எல்லாவற்றையும் மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் வைத்தோம். அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு தனி ஆவணம், எல்லாம் ஒரே வடிவில் இருக்க வேண்டியதில்லை. ஸ்டைல் விவரங்களுக்கு அது அழகாகப் பொருந்தியது. துணிக் கணக்கையும் அதிலேயே வைத்ததுதான் பிழை.

துணி ஓரிடத்தில் நிற்காது. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குப் போகும், துணி பிறகு சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வரும். ஒவ்வொரு சலானிலும் எடை ஓரிடத்தில் குறைந்து மறு இடத்தில் ஏற வேண்டும். ஒரு மாலை மின்சாரம் போய் சர்வர் நின்றது. ஸ்டோரில் 180 கிலோ குறைந்துவிட்டது, கட்டிங்கில் ஏறவில்லை. ஸ்டோர்காரர் தன் நீள நோட்டைப் பிரித்து, சலான் எண்ணின் மேல் விரலை வைத்தபடி கேட்டார்: "துணி இதோ மேசை மேல் இருக்கிறது தம்பி, கணக்கில் எங்கே போயிற்று?"

அன்று மோங்கோடிபி ஒற்றை ஆவணத்துக்குள் நடக்கும் மாற்றம் மட்டுமே பாதியில் நிற்காது என்று உறுதி தந்தது. பல ஆவணங்களின் மாற்றங்களை ஒன்றாக முடிக்கும், இல்லையேல் ஒன்றாகக் கைவிடும் பரிவர்த்தனை 2018இல், 4.0 பதிப்பில்தான் வந்தது. அதுவரை காத்திருக்க முடியாது. கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற அட்டவணை முறைத் தரவுத்தளத்துக்கு மாற்றினோம். அங்கே கூட்டலும் கழித்தலும் சேர்ந்தே நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த அட்டவணை முறையைப் பழையது என்று ஒதுக்கியதற்காக இன்றும் வருந்துகிறேன். ஸ்டைல் விவரங்களையும் அங்கேயே, வெவ்வேறு வடிவ விவரங்களை ஏற்கும் ஜேசன்பி வகைப் பத்தியில் (அட்டவணையின் செங்குத்து வரிசையில்) வைத்துக்கொண்டோம். 2014 முதலே அந்த வசதி இருந்தது.

பிறகு பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களின் வேகமும் நூல் அறுபட்ட எண்ணிக்கையும் சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து குவியும். வந்த வரியை யாரும் திருத்துவதில்லை, நேர வாரியாகத்தான் கேட்பார்கள். அங்கே, நேர வரிசைத் தரவுக்கென்றே போஸ்ட்கிரெஸ் மேல் கட்டிய டைம்ஸ்கேல் சரியாக இருந்தது. பழைய வரிகளை மணிக்கணக்கான சராசரியாகச் சுருக்கிவிடலாம்.

போன மாதம் ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கு. முதலில் அவர்களுடைய பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். மூட்டை எண், ரகம், எடை, விவசாயி பெயர், அவ்வளவுதான். இணையமோ அடிக்கடி அறுந்துபோகிறது. எடைமேடைக் கணினியிலேயே தனி சர்வர் தேவைப்படாத எஸ்கியூலைட் தரவுத்தளத்தை ஒற்றைக் கோப்பாக வைத்து, இணைப்பு வரும்போது அலுவலகத்துக்கு அனுப்பும்படி செய்திருக்கிறோம். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஈரப்பதக் குறிப்புக்கும் ஒரு பத்தி சேர்த்தோம்.