கச்சானில் காய்ந்த சுவர்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் வாவிப் பக்கமாக வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த இரண்டு மாடி அலுவலகக் கட்டடம் அது. கிழக்கில் நெல்லும் பாலும் வாங்கி விற்கும் எங்கள் கம்பனி, கொழும்பில் வாடகைக்கு இருந்த தலைமை அலுவலகத்தை அங்கே மாற்றத் தீர்மானித்ததும் வேலையை மேற்பார்வை செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அளவில்லாத சந்தோஷம். இங்கே உழைக்கும் கம்பனியின் முடிவுகளை இங்கிருந்தே எடுக்க வேண்டும் என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தவன் நான்.

தைப்பொங்கல் கழிந்து வேலை தொடங்கினோம். சித்திரை வருடப்பிறப்பு முடிய பெயின்ட், ஜூனில் திறப்பு விழா என்பது நிர்வாகத்தின் கணக்கு. மேசன் அண்ணன் கீழ்த்தளச் சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இடுப்புயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொட்டதும் பூச்சு மாவாக உதிர்ந்தது. “தம்பி, சுவர் இன்னும் தண்ணி குடிச்சிட்டுத்தான் இருக்கு. இதுக்கு மேல பெயின்ட் அடிச்சா மாரி வர முதல் உரிஞ்சிடும்” என்றார்.

காரணம் வெளியே இருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து முற்றத்தை மண் போட்டு உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கப் பூசிய தார் அந்த மண்ணுக்குள் புதைந்துவிட்டது. செங்கல் ஈரத்தை நேராக உறிஞ்சுகிறது. தண்ணீர் காற்றில் போய்விட, அதிலிருந்த உப்பு தங்கி, படிகமாக வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. மண்ணை வெட்டி அகற்றினோம், சுற்றிவரக் கான் கட்டினோம், ஈரம் தெரிந்த மட்டத்துக்கு மேலும் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்தோம். பிறகு சுவரை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

கச்சான் காற்று வரட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. தென்மேல் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறும் சூடாக இறங்கும் அந்த மாதங்களைவிடச் சுவர் காய நல்ல காலம் மட்டக்களப்பில் இல்லை. கொழும்பு வாடகை கூடுதலாக ஓடும் என்று கூட்டத்தில் கடுமையாகக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஈரச் சுவரில் பூசிய பெயின்டுக்கு மறுபடியும் காசு கொடுப்பதைவிட அந்த வாடகை எனக்குச் சின்னதாகப் பட்டது. கொத்திய சுவரைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

அதற்கிடையில் மேலே வேலை நிறைய. பீம்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் சில இடங்களில் கோறையான சத்தம் வரும். உப்புக் காற்றுப் பட்ட கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீட்டை வெளியே தள்ளியிருந்தது. அங்கெல்லாம் கம்பிக்குப் பின்பக்கம் வரை உடைத்து, துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சுப் பூசி, புதுச் சாந்து வைத்தோம். சுவரைக் காயவைக்கும் அதே கச்சான் சாந்தின் ஈரத்தையும் இழுத்துவிடும், வெடிப்பு விழும். அதனால் நனைத்த சாக்குகளைப் பீம்களில் கட்டி, பகல் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள் பெடியன்கள்.

கூரையில் ஒரு விடயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது. கைமரங்களைத் தாங்கும் சட்டத்தைப் பீமோடு இரும்புப் பட்டி போட்டு இறுக்கிய பிறகே தகடு ஏற்ற விட்டேன். வயரிங் முழுக்கப் புதிது. அதில் யாரும் வாதாடவில்லை.

செப்டெம்பரில் குடிபுகுந்தோம். அந்த மாரி முழுக்க வாரத்துக்கொரு தடவை கீழ்த்தளச் சுவர்களைத் தடவிப் பார்த்தேன். ஒரு மூலையைத் தவிர எங்கும் உப்பு இல்லை. அந்த மூலையில் கூரைப் பீலி ஒழுகியிருந்தது, மாற்றிவிட்டோம். முற்றத்தில் இனி மண் கொட்டக் கூடாது என்று பராமரிப்புக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.