சோழியும் சிப்புட்தான்

எங்க ஊரு சுங்கை சிப்புட். சிப்புட்னா மலாய்ல நத்தை. நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருந்துட்டு, சோழியும் ஒரு கடல் சிப்புட்தான்னு போன வாரம்தான் தெரிஞ்சுகிட்டேன், வெக்கக்கேடு. ஏதோ கொட்டைன்னு நெனச்சிருந்தேன்!

ஸ்கூல் லீவுக்கு பங்கோர் தீவுக்கு போனப்ப தங்கச்சி மக கடையில ஒரு பாக்கெட் சோழி வாங்குனா, பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாட்டியோட மைலோ டின்ன எடுத்து கொட்டுனேன். ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப மழை பெஞ்சு பால் வெட்டு இல்லாத நாள்ல லயத்து வீட்டு வாசல்ல தாயம் ஆடுன சோழி, எட்டு இருக்கு, எல்லாம் வெளுத்து கெடக்கு. "மாமா, என்னோடதுக்கு மட்டும் எப்படி பாலிஷ் போட்டாங்க?"ன்னு கேட்டா. முழிச்சேன், அப்புறம் ராத்திரி உக்காந்து தேடுனேன்.

யாரும் பாலிஷ் போடலியாம், அந்த நத்தையே போட்டுக்குதாம். உயிரோட இருக்கறப்ப அதோட மெல்லிய சதை ரெண்டு பக்கமும் மேல ஏறி ஓட்ட போர்வை மாதிரி மூடிக்கும், அதுதான் பூச்சு மேல பூச்சா போட்டு வழவழன்னு வச்சிருக்கு. குட்டியில ஓடு மெலிசா, சாதா நத்தை மாதிரி சுருண்டுதான் இருக்குமாம், வளந்தப்பறம் ஓரம் உள்ள மடங்கி பல்லு பல்லா ஒரு கோடு விழும். மேல பாத்து விழுந்தா ஒண்ணுன்னு எண்ணுவோமே, அந்தக் கோடுதான் அது வெளிய வர்ற வாசல்.

இது ஒரு காலத்துல காசு. 1758ல லின்னேயஸ்ங்கற விஞ்ஞானி வச்ச பேர்லயே மொனேட்டான்னு இருக்கு, காசுன்னு அர்த்தம். மாலத்தீவுல அள்ளி வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கியிருக்காங்க, சரி. பின்னால வெள்ளைக்காரன் அதையே கப்பல் கப்பலா மேற்கு ஆப்பிரிக்காவுக்கு கொண்டு போயி மனுசங்கள வாங்கியிருக்கான். தோட்டத்துல பொறந்தவனுக்கு அத படிக்கறப்ப வயித்த என்னமோ பண்ணுது.

இன்னொண்ணும் உறுத்துச்சு. செத்து கரை ஒதுங்குன சோழி அலையிலயும் வெயில்லயும் மினுமினுப்பு போயிடும், அதனால கடையில பளபளன்னு இருக்கறது பெரும்பாலும் உயிரோட புடிச்சதுதான். பிள்ளைகிட்ட சொன்னேன். அவ பாக்கெட்ட ஓரமா வச்சுட்டு பாட்டி சோழிய உருட்ட ஆரம்பிச்சிட்டா.

அதுல ஒண்ணு முதுகு தேஞ்சு தட்டையா போயிருக்கு, எப்படி போட்டாலும் வாய் மேல பாத்துதான் விழுது. பாட்டி அவங்க முறை வந்தா மட்டும் டின்னுல கைய விட்டு ஒரு சோழிய மாத்திப்பாங்க, ராசின்னு சொல்லுவாங்க. அஞ்சும் ஆறுமா விழுந்த ராசி இதுதானா, கெழவி!